தெய்வானையக்காவின் கிணற்றில் தண்ணீர் இருந்த நாள்

கிணற்றின் நீர்மட்டம் அளக்க நாடாவை எப்படி இறக்குவது, நனைந்த இடத்தை எப்படிப் படிப்பது என்பதையெல்லாம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். போதாததற்கு இப்போது கருவியே அளந்து செய்தி அனுப்பிவிடுகிறதாம். நல்லது, உங்கள் முதுகு பிழைத்தது. ஆனால் அந்தக் கருவியை உட்காரவைத்து யாரும் மோர் கொடுக்க மாட்டார்கள். நான் சொல்ல வந்தது அந்த மோர் கொடுக்கிறவர்களைப் பற்றித்தான். நிலத்தடி நீரைப் பற்றி நான் பாறையிடம் கற்றது கொஞ்சம். கொங்கு நாட்டு உபசாரத்திடம் கற்றதுதான் அதிகம்.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் கிணறு வற்றிப்போனால் வழியில் போகிறவனைக் கூப்பிட்டுக் காட்டுவோம். வானத்தையும் அரசாங்கத்தையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் அவனைப் போக விடுவோம். இரண்டாயிரங்களின் நடுவில் திருப்பூருக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பஸ்ஸில் நான் ஒருவர் காலை மிதித்துவிட்டேன். மிதிபட்டவரே "பாத்துங்க, உழுந்தறப் போறீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இவர்களிடம் எப்படி உண்மையை வாங்கப் போகிறேன் என்று அன்றைக்கே எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அருள்புரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். அங்கே ஒரு குளம். சாயப்பட்டறைக் கழிவு வருடக்கணக்காகப் பாய்ந்து, அடியில் பல நிறத்தில் சேறு படிந்து, மேலே சீமைக்கருவேலம் காடாகி, போதாக்குறைக்குப் பனியன் கம்பெனிகளின் கழிவுத் துணி மூட்டைகளும் வந்து சேர்ந்த குளம். சுற்றியிருந்த கிணறுகளில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. இருந்த தண்ணீரும் வாயில் வைக்க விளங்கவில்லை.

அந்தக் குளத்தை மீட்டெடுத்தவர் நாச்சிமுத்து. நாலைந்து பின்னலாடை இயந்திரங்கள் வைத்துத் தொழில் செய்தவர். கொஞ்சம் தோட்டமும் உண்டு. தன் தொழிலைப் பாதி நேரம் பூட்டிப் போட்டுவிட்டு, ஊரைக் கூட்டி, கழிவு வரும் வாய்க்காலை அடைத்து, சேற்றைச் சுரண்டி வெளியே கொண்டுபோய், வேரோடு முள்ளைப் பிடுங்கிக் குளத்தைக் குளமாக்கினார். அரசு பாதி உதவியது. ஒரு நல்ல மழைக்குக் குளம் நிறைந்தது. கரையில் கிடா வெட்டி விருந்து வைத்தார்கள். நானும் சாப்பிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு சாப்பாடு.

வேலையில் இரண்டாம் கட்டம் ஒன்று பாக்கி இருந்தது. ஊரின் தாழ்ந்த பக்கத்தில் ஓடும் சிற்றோடையை அங்கே பள்ளம் என்பார்கள். அந்தப் பள்ளத்தின் குறுக்கே சின்னதாய் ஒரு தடுப்பணை. அதற்கு அனுமதி வருமா, வராதா என்பது குளத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைப் பொறுத்தது. அதை மாதா மாதம் அளப்பது என் வேலை.

கடைசிக் கிணறு தெய்வானையக்காவுடையது. பள்ளத்தை ஒட்டிய தோட்டம். கணவர் போன பிறகு தனியாளாகப் பண்ணையம் பார்த்தவர். கொஞ்சம் தென்னை, இரண்டு காங்கேயம் பசு, ஒரு கன்று. அவருடைய உலகம் அவ்வளவுதான். வேலியோரம் என் பைக் சத்தம் கேட்டதும் மோர்ச் சொம்போடு வாசலுக்கு வந்துவிடுவார். ஒரு முறை பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"இந்தக் கோடையத் தாண்டிட்டாப் போதுங்க சார். தாண்டலீன்னா மாட்டெக் குடுத்துப்போட்டு, பனியன் கம்பெனிக்கு நூலுப் பிசிறு வெட்டப் போகோணுமுங்க. இந்த வயசுல கண்ணு தெரியோணுமல்லங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கன்று அவர் சேலை முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். இவ்வளவு கவலைப்படுகிறவரின் கிணற்றில் நான் அளக்கும்போதெல்லாம் தண்ணீர் ஏறியே இருந்தது. குளத்தருகே இருக்கும் கிணறுகளுக்குச் சமமாக ஏறியிருந்தது. விவசாயிகள் எப்போதும் குறை சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதிவிட்டு வந்தேன்.

அந்த வருடம் சித்திரை வெயிலில் என் மேலதிகாரி அம்மா செல்போனில் கூப்பிட்டார். கண்டிப்பானவர். வார்த்தையைச் செலவழிக்க மாட்டார்.

"நாளைக்குக் கூட்டம். எது முடிஞ்ச வேலை, எது தொடரும் வேலைன்னு பிரிக்கப் போறாங்க. உங்க குளத்துக் கிணறெல்லாம் இன்னைக்கே அளந்து சாயங்காலத்துக்குள்ள குடுங்க. எல்லாமே ஏறியிருந்தா முடிஞ்ச வேலைன்னு மூடிருவாங்க. ரெண்டாங்கட்டம் கிடையாது."

வழக்கம்போல நான் முந்தின நாளே நாச்சிமுத்து அண்ணனிடம் வருவதாகச் சொல்லியிருந்தேன். எனக்கு முன்பு இருந்தவரும் அப்படித்தான் செய்தார். சொல்லிவிட்டுப் போவது மரியாதை என்பது அந்த ஊர் வழக்கம். மற்ற கிணறுகளை அளந்துவிட்டு மதியத்துக்குத் தெய்வானையக்கா தோட்டத்துக்குப் போனேன். நாடாவை இறக்கினேன். தண்ணீர் இருந்தது.

நிமிர்ந்தபோது தென்னை கண்ணில் பட்டது. மட்டைகள் தொங்கிக் கிடந்தன. அடியெல்லாம் உதிர்ந்த குரும்பை. மாட்டுத் தொட்டியின் அடியில் காய்ந்த பாசி வெடித்திருந்தது. கிணற்றில் இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது தொட்டி எப்படிக் காயும்? மறுபடி கிணற்றுக்குள் பார்த்தேன். சுற்றுப் பாறை முழுவதும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஒரே ஓர் இடத்தில், மேலிருந்து கீழ்வரை, பட்டையாக ஈரம். யாரோ மேலிருந்து தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

கொங்குத் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் திறந்த கிணற்றில் விட்டு வைத்துக்கொண்டு, அங்கிருந்து பாய்ச்சுவார்கள். அது அவர்களுடைய தண்ணீர்த் தொட்டி மாதிரி. அதில் தவறில்லை. ஆனால் தெய்வானையக்காவுக்கு ஆழ்துளைக் கிணறே கிடையாது. நாடாவில் நான் படித்தது யாருடைய தண்ணீரை?

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். "என்னக்கா, ஏமாத்துறீங்களா?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருப்பார். அப்புறம் அந்தத் தோட்டத்தில் மோரும் கிடைக்காது, உண்மையும் கிடைக்காது. சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு நாள் வந்து பிடிக்கலாம் என்றால் அதற்கு நாள் இல்லை. சாயங்காலத்துக்குள் அறிக்கை போக வேண்டும். என் ஊர்க் கோபம் தொண்டை வரை வந்துவிட்டது. மோரைக் குடித்து அதை உள்ளே தள்ளினேன். விருந்தாளி ஒன்று கேட்டால் இவர்களால் மறுக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, வெயில் மண்டையப் பொளக்கு. மோட்டரப் போடுங்க. ஒரு குளியலப் போட்டுட்டுப் போயிருதேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "தண்ணி சில்லுனு இருக்குமுங்க சார். சேராதுங்க" என்றார். சித்திரை மாதம், உச்சிப் பொழுது!

"பரவாயில்லக்கா."

"ஊட்டுல வெந்நி வெச்சுத் தாரனுங்க?"

"மோட்டர்த் தண்ணிதான் வேணும்."

அதற்கு மேல் மறுக்கவில்லை. பிறகு வீட்டுக்குள் போய், மடித்து வைத்த பழைய வேட்டி ஒன்றும் துண்டும் எடுத்துவந்தார். வேட்டி கணவருடையது. கூடவே பிரிக்காத புதுச் சோப்பு ஒன்று. சோப்பு நான் கேட்கவில்லை. ஆனால் கொடுத்த சோப்பைப் போடாமல் இருந்தால் அவர் மனம் சங்கடப்படும் என்று தலைமுதல் கால்வரை போட்டேன். நானும் கொஞ்சம் கொங்குக்காரனாகிக்கொண்டிருந்தேன் போலும்.

கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது குழாய் இருமியது. காற்று வந்தது. நின்றது. எனக்கு வேண்டியது தெரிந்துவிட்டது: அடிக்குழியில் விட்டிருந்த தண்ணீர் அவ்வளவுதான், புதிதாக ஊறி வரவில்லை. ஆனால் உடம்பெல்லாம் நுரை. கண்ணைத் திறந்தால் எரிகிறது. "அய்யோ, சார்!" என்று தெய்வானையக்கா ஓடி வந்து மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ என் தலையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார்கள். குளிர்ந்த, உப்பில்லாத தண்ணீர். வாயில் பட்டதுமே தெரிந்துவிட்டது. எப்போதாவது ஒரு நாள் குழாயில் வரும் நல்ல தண்ணீர், அவர் குடிக்கப் பிடித்து வைத்திருந்தது. கண்ணைத் திறந்தேன். குடத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை என் தோளில் விட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, போதும். குடிக்கிற தண்ணி அது" என்றேன்.

"அதுக்கென்னுங்க. நொரையோடயா அனுப்பறது?"

அரசாங்க வேலையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் குடத்துத் தண்ணீர் என்னை வெட்கப்படுத்தியதுபோல எதுவும் வெட்கப்படுத்தியதில்லை. இந்த அம்மாவைச் சோதித்துப் பார்க்கத்தானே குளித்தேன்?

அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்து அண்ணன் வேலிப்படலைத் திறந்துகொண்டு வந்தார். ஈர வேட்டியோடு நான், காலிக் குடத்தோடு அக்கா. எட்டிக் கிணற்றைப் பார்த்தார். அவரும் ஒன்றும் மறைக்கவில்லை.

"நாந்தானுங்க சார் உட்டேன். பக்கத்துல என்ற தோட்டத்துப் போர்த் தண்ணி. நேத்துப் பொழுதோட ஓஸ் பைப்பெப் போட்டேன். நீங்க வரும்போதெல்லாம் அப்படித்தானுங்க. வெளியூர் ஆபீசர் முன்னால அக்கா கெணறு காஞ்சு கெடந்தா அவிய மொகம் என்னாகுங்க?"

தெய்வானையக்கா அவசரமாகச் சொன்னார். "அவுரு மேல தப்பில்லீங்க. வேண்டாமுன்னு நானுஞ் சொல்லோணுமல்லங்க? பொழப்பெ உட்டுப்போட்டு அவுரு கொளத்தெ வெட்டுனாரு. எனக்கு மட்டும் தண்ணி வரலீன்னு எந்த வாயில சொல்றதுங்க?"

இதுதான் விஷயம். அக்காவின் கிணற்றுக்கு அவமானம் வரக் கூடாது என்று அண்ணன் தண்ணீர் விட்டார். அண்ணனுடைய குளத்துக்கு அவமானம் வரக் கூடாது என்று அக்கா வாங்கிக்கொண்டார். பெண் பார்க்க வருகிறவன்கூட முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்க்கும் சீமை அது. வந்தவனிடம் வெறுங்கிணற்றைக் காட்டுவது, உலையில் அரிசி இல்லை என்று சொல்வதற்குச் சமம். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த பிரியத்தில், அந்த அம்மாவின் தடுப்பணைக்கு இருவருமாகச் சேர்ந்து குழி பறித்துக்கொண்டிருந்தார்கள்.

தலை துவட்டிக்கொண்டே அதைச் சொன்னேன். தண்ணீர் இருக்கிறது என்று எழுதினால் தடுப்பணை போய்விடும் என்றேன்.

நாச்சிமுத்து அண்ணனுக்கு நம்ப முடியவில்லை. "ஏனுங்க, நல்லா இருக்குதுன்னு எழுதுனா சந்தோசப்பட்டு இன்னுஞ் சேத்துக் குடுக்க மாட்டாங்களா?"

"அரசாங்கம் உங்க ஊருக்காரர் இல்லண்ணே" என்றேன்.

தோட்டத்தின் மேட்டில் வரிசையாகத் தலைகாட்டும் வெள்ளைக்கல்லைக் காட்டினேன். அது பூமிக்குள்ளே சுவராக இறங்கியிருக்கிறது என்பது எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது. குளத்துத் தண்ணீர் அதுவரை வந்து நின்றுவிடும். இந்தப் பக்கம் நனைய வேண்டுமானால் பள்ளத்துத் தண்ணீரைத்தான் இங்கேயே நிறுத்த வேண்டும். அண்ணன் அந்தக் கல்வரிசையையே பார்த்தார்.

"அப்ப நாங்க வெட்டுனது வீணுங்களா?"

அந்தக் கேள்விக்கு ஆறுதல் சொல்லக் கூடாது, உண்மையைச் சொல்ல வேண்டும். "கல்லுக்கு அந்தப் பக்கம் எல்லாக் கிணறும் உங்களாலதான் பிழைச்சிருக்கு. இந்தப் பக்கம் உங்க கொளத்தால முடியாது. ரெண்டையும் எழுதுவேன்" என்றேன்.

பிறகு தெய்வானையக்காவிடம் கேட்டேன், அவருடைய கிணறு வற்றிவிட்டது என்று எழுதலாமா என்று. அவரைக் கேட்காமலே எழுத எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அன்றைக்கு அது தோன்றவில்லை. அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எழுதுங்க. ஆனா வெறுங்கெணறுன்னு மட்டும் எழுதாதீங்க சார். கெழக்கு மூலையில ஊத்துக்கண்ணு இருக்குதுங்க. ஈரம் இன்னும் மாறுல. அதையுஞ் சேத்து எழுதுங்க."

படியில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். இருந்தது. உள்ளங்கையை வைத்தால் நனைந்தது. எழுதினேன்.

அங்கிருந்தே மேலதிகாரிக்குப் பேசினேன். "போன மாசம் வரைக்கும் அந்தக் கிணத்துல தண்ணி இருந்ததா நீங்கதானே எழுதினீங்க?" என்றார். அது பக்கத்துத் தோட்டத்துப் போர்த் தண்ணீர், அந்த அளவுகளை நீக்கிவிட வேண்டும் என்றேன். வெள்ளைக்கல் சுவரைப் பற்றியும் சொன்னேன். மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இந்தப் படிவத்துல ஊருக்கு ஒரு சராசரிதான் கேட்டிருக்கு. சராசரி போட்டா உங்க கிணறு அதுக்குள்ள முங்கிரும். தனியா எழுதினா, அப்ப மொதக் கட்டமே வேஸ்ட்டான்னு என்னைத்தான் கேப்பாங்க."

"தனியாத்தான் மேடம் எழுதணும். கேட்டா கல்லப் பத்திச் சொல்லுங்க."

"கல்லப் பத்திச் சொல்றேன். எப்படித் தெரிஞ்சுச்சு?"

சொன்னேன். மேலதிகாரி அம்மா சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "குளிச்சுக் கண்டுபிடிச்சேன்னு மட்டும் எழுதித் தொலைச்சிராதீங்க" என்றார். மறுநாள் கூட்டத்தில் எங்களுக்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தன் வாயால் அதை ஒருநாளும் சொல்லவில்லை. அப்படி ஒரு மேலதிகாரி வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

சராசரியை நம்பாதீர்கள் என்று இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். சொல்லாமல் போய்ப் பிடியுங்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பிறகும் நான் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனால் போனால் கிணற்றை மட்டும் பார்க்காமல் தென்னையைப் பார்த்தேன், மாட்டுத் தொட்டியைப் பார்த்தேன், இவர் ஏன் இன்றைக்கு இவ்வளவு சிரிக்கிறார் என்று பார்த்தேன். அளவு சரியாக இருக்கும்போதும் பார்க்க வேண்டும். சரியாக இருக்கும்போதுதான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

நாச்சிமுத்து அண்ணனிடம் ஒன்று சொன்னேன். ஓஸ் பைப்பை இனிக் கிணற்றில் விட வேண்டாம், நேரே மாட்டுத் தொட்டியில் விடுங்கள், பகலிலேயே விடுங்கள் என்று. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை மாதம் அது அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

தடுப்பணை வந்ததா, மழை வந்ததா என்று கேட்பீர்கள். இரண்டும் வந்தன, இரண்டும் தாமதமாக. ஆனால் என் மனதில் நிற்பது அதற்கு முந்திய ஒரு காலை. தொடரும் வேலைகளின் பட்டியலில் தடுப்பணை நிலைத்துவிட்டது என்று தெரிந்ததும் போனில் சொல்ல மனம் வராமல் நேரே போனேன். வாசலில் மாட்டுத் தரகர் நின்றார். பசுக்கள் இரண்டையும் கன்றையும் வெளியே பிடித்துக் கட்டியிருந்தார்கள். அக்காவுக்காகப் பேரம் பேசுவது நாச்சிமுத்து அண்ணன். சந்தை வழக்கப்படி இருவர் கையும் துண்டுக்குள் இருந்தன. விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

தெய்வானையக்காவைத் தனியே கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னேன். சொன்ன கையோடு பயமும் வந்துவிட்டது. "ஆனா அக்கா, இன்னும் கட்டணும். கட்டினாலும் மழை பெய்யணும். என்னை நம்பி எதுவும் செஞ்சிராதீங்க" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார்.

உள்ளே போய்ச் சொம்பில் மோர் கொண்டுவந்து தரகரிடம் நீட்டினார். அவர் ஒற்றைக் கையால் வாங்கிக் குடித்து முடித்து வாயைத் துடைக்கும் வரை அக்கா காத்திருந்தார். பிறகு எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார்.

"இல்லீங்க. மாடு குடுக்கறதுக்கில்லீங்க."

விலை போதவில்லை போலும் என்று தரகர் துண்டுக்குள் இன்னும் ஒரு விரலைச் சேர்த்துப் பிடித்தார். நாச்சிமுத்து அண்ணன் அக்காவின் முகத்தைப் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து கையை வெளியே உருவிக்கொண்டு, கன்றின் கயிற்றை அவிழ்க்கப் போனார்.